தெக்குவயலை ஒற்றிக்குக் கேட்ட மகனுக்கு

மக்கா,

நீ கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்ன முத்திரைக் கடுதாசிக்க பின்பக்கத்துலதான் இதை எழுதுகேன். மூணு ரூபாய் முத்திரை பாழாப் போச்சேன்னு உனக்கு வயிறு எரியும். எரியட்டும். இனி இதைக் கொண்டு போயி நீ எந்த ஆபீஸ்லயும் பதிய முடியாது, அதுக்காகத்தான் இதுலயே எழுதுகேன். இதுல எடம் காணாதுன்னு தெரியும். மிச்சத்துக்கு நீ ஆறாங்கிளாஸ்ல எழுதாம விட்ட நோட்டுலேருந்து தாளு கிழிச்சு வச்சிருக்கேன். சுகந்தானான்னு முதல்ல கேக்கணும், அதுதான் மொறை. கேக்க மாட்டேன். உங்கப்பா செத்து ஏழு மாசம் ஆச்சு. இந்த ஏழு மாசத்துல நீ எனக்குப் போட்ட கடுதாசி மூணு. முதல் கடுதாசியில, கடை அரிசியில கல்லு கிடக்குன்னு எழுதினே. ரெண்டாவதுல, சிட்டிக்காரன் வாசல்ல வந்து நிக்கான், மானம் போகுதுன்னு எழுதினே. மூணாவது இந்தப் பத்திரம். நான் எங்க கையெழுத்துப் போடணும்னு பென்சிலால ஒரு புள்ளி வேற குத்தி அனுப்பியிருக்கே. அம்மை கஞ்சி குடிச்சாளா கிடக்காளான்னு மூணுலயும் ஒரு வரி இல்ல.

நீ எழுதினது முழுசும் எனக்கு மனப்பாடம். தெக்குவயலை உன் கூட்டாளிக்க மாமனாருக்கு ஐநூறு ரூபாய்க்கு ஒற்றி எழுதிக் குடுத்தா, சிட்டிப் பாக்கி, பலசரக்குக் கடைப் பாக்கி எல்லாம் ஒரே நாள்ல தீந்து போகும். நம்ம தாலுகா எல்லாம் இன்னும் கொஞ்ச நாள்ல மெட்ராஸோட சேந்துரும். சேந்தா எல்லாருக்கும் சம்பளம் ஏறும், வயலை மூணு வருஷத்துல திருப்பிக்கிடலாம். இதுதானே நீ போட்ட கணக்கு? ஏலே, நீ சோலி பாக்கது குலசேகரத்துல ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸ்ல. உன் முதலாளிக்கு எந்த ராஜ்யம் வந்தா என்ன, எது போனா என்ன? ரப்பர் மரம் ஜில்லா பாத்தா பால் ஊத்துகு? பணப்பெட்டி முன்னால உக்காந்து ஊரார் கூலியை அணா பைசா தப்பாம எண்ணிக் குடுக்கவன் நீ. எட்டு வருஷத்துல ஒரு பைசா குறைஞ்சதுன்னு பேரு வாங்கல, அதுல எனக்கும் பெருமைதான். வீட்டுக் கணக்குன்னு வந்தா அந்தப் புத்தி எங்க போகுன்னு தெரியல.

சரி, இப்போ நல்லா உக்காந்து வாசி. நீ ஒற்றி வைக்கணும்னு சொல்லுக தெக்குவயலு ஒற்றியிலதான் இருக்கு. இண்ணைக்கு நேத்து இல்ல, எட்டு வருஷமா. மேலத்தெரு பெரியவீட்டுக்காரருக்கு அறுநூறு ரூபாய்க்கு எழுதிக் குடுத்தது. எதுக்குன்னு கேளு. உனக்கு அந்தச் சோலி கிடைச்சப்போ, பணப்பெட்டி கையில இருக்கும், அதனால அறுநூறு ரூபாய் ஜாமீன் கட்டணும்னு சொன்னாங்கல்லா. சக்கரமும் ரூபாயும் ஒண்ணாப் புழங்கின காலம், அறுநூறு ரூபாயை ஒருசேர யாரு கண்டா? நாலாம் நாள் உங்கப்பா உன் கையில பணத்தை எண்ணி வச்சாரு. எங்கேருந்துன்னு நீ கேட்டே. வீட்டுக்குப் பின்னால நிக்க அயனி மரத்தை வித்தேன்னு சொன்னாரு. நீயும் சரின்னு வாங்கி மடியில வச்சுக்கிட்டு பஸ் ஏறினே. அந்த மரம் இண்ணைக்கும் பின்னாலதான் நிக்கு மக்கா. எட்டு வருஷத்துல எத்தனை ஓணத்துக்கு வந்தே, எத்தனை பொங்கலுக்கு வந்தே, கிணத்தடிக்குப் போயிருக்கே, வாழைக்குலை வெட்டியிருக்கே. ஒரு நாளாவது தலையைத் தூக்கி அந்த மரத்தைப் பாத்தியா? பாத்திருந்தா அண்ணைக்கே கேட்டிருப்பே.

ஒற்றிக்கு எடுத்தவரு அந்த வயலைத் தானே பயிர் வைக்கல. உங்கப்பாதான் அதே வயலை அவருகிட்டேருந்து பாட்டத்துக்கு எடுத்தாரு. சொந்த வயலுக்கு இன்னொருத்தனுக்குப் பாட்டம் அளந்தாரு, கேட்டியா? ஒரு பூ அறுப்புக்கு நாலு கோட்டை நெல்லு. ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும் தெரியாது. உனக்குக் கணக்குதானே பிடிக்கும், கேட்டுக்கோ. கன்னிப்பூவும் கும்பப்பூவும் சேத்து வருஷத்துக்குப் பதினெட்டுக் கோட்டை காணும். அதுல பாட்டம் எட்டு. விதை, உழவு, நடவு, அறுப்புக்கூலின்னு ஆறு போகும். மிச்சம் நாலு கோட்டை. அந்த நாலுலதான் நானும் அவரும் வருஷம் முழுக்க உண்ணணும். மாசாமாசம் பஸ் கண்டக்டர் கையில குடுத்து தக்கலை வழியா உனக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினாரே, அதுக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு கோட்டை நெல்லு வேணும். எங்கேருந்து வந்துது அது?

கோட்டாறு கம்போளத்துலேருந்து வந்துது. உங்கப்பா சாயங்காலம் ஆனா சட்டையைப் போட்டுட்டுக் கம்போளத்துக்கு நடப்பாருல்லா. அங்க ஒரு அரிசி மண்டியில மூட்டைக் கணக்கு எழுதினாரு. கூலியைச் சக்கரமா வாங்காம அரிசியா வாங்கினாரு. அறுபது வயசுக்கு மேல, தூசியில உக்காந்து, கண்ணு பிடிக்காம, ராத்திரி ஒன்பது மணிக்கு நடந்து வந்து சேருவாரு. ஒரு ஓணத்துக்கு நீ வந்தப்போ அப்பா எங்கன்னு கேட்டே. கம்போளத்துக்குப் போயிருக்காருன்னு சொன்னேன். இந்த வயசுலயும் கிழவருக்கு ஊர் சுத்தணும்னு உன் பெஞ்சாதி பகவதிகிட்டச் சொல்லிச் சிரிச்சே. நானும் உன்கூடச் சேந்து சிரிச்சேன். அந்தச் சிரிப்பை நினைச்சா இப்பவும் எனக்கு என் வாயில அறையணும் போல இருக்கு.

உன்மேல மட்டும் கோவம்னு நினையாதே. என்மேலயும்தான், செத்துப் போன அந்த மனுஷன்மேலயும்தான். நாலு வருஷத்துக்கு முன்னால ஐப்பசி மழையில கும்பப்பூ நாத்து முழுசும் அழுகிப் போச்சு. அண்ணைக்கு உங்கப்பா உள்ளதை உள்ளபடி உனக்கு ஒரு கடுதாசி எழுதினாரு. வயலு ஒற்றியில இருக்கு, நான் பாட்டத்துக்குப் பயிர் வைக்கேன், இனி மூட்டை அனுப்ப முடியாது, உன் சம்பளத்துல குடும்பத்தை நடத்திக்கோன்னு. எழுதி என்கிட்டக் குடுத்து வாசிச்சுப் பாருன்னாரு. நான் அதைக் கிழிச்சு அடுப்புல போட்டேன். பகவதிக்கு அப்போ ஏழாம் மாசம். கேட்டா அவ மனசு வெஷமிச்சு வாடும், வயித்துப் பிள்ளைக்குக் கேடு, பேறு கழியட்டும்னு சொன்னேன். அதுக்கப்புறம் என் கையில கிடந்த ரெண்டு வளையை வித்து உனக்கு அந்தப் பூ முழுக்க மூட்டை போச்சு. வளை எங்கம்மான்னு நீ கேட்டப்போ, கையில நீர் கோத்துருக்கு, கழட்டி வச்சிருக்கேன்னு பொய் சொன்னேன். பேறு கழிஞ்சுது, பிள்ளை நடந்துது, ரெண்டாவது பிள்ளையும் பிறந்துது, சொல்லுகதுக்கு நேரமே வரல. உண்மையில எனக்குச் சொல்ல மனசில்ல. என் மகன் உத்யோகஸ்தன், அவன் வீட்டுக்கு நாங்க மூட்டை அனுப்புகோம்னு நாலு பேருகிட்டச் சொல்லுகதுல எனக்கு ஒரு பெருமை, ஒரு கெப்பறு இருந்துது. அந்தக் கெப்பறுதான் உன்னைக் கெடுத்துது. எழுபது ரூபாய் சம்பளக்காரன், நூறு ரூபாய் சம்பளக்காரன் மாதிரி வாழ்ந்தே. அந்த வித்தியாசத்தை உங்கப்பா கம்போளத்துல உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தாரு.

அப்புறம் அந்த அடியந்திரம். பதினாறாம் நாளு எரநூறு இலை போட்டோமே, அதைச் சொல்லாம இருக்க முடியாது. வாழைக்காய்த் துவட்டலும் ஒரு பாயசமும் வச்சு, சொந்தக்காரங்க முப்பது பேருக்குப் போட்டா போதும்னுதான் நீ முதல்ல சொன்னே. அது நெஜம், நான் மறுக்கல. உன் சித்திதான் வந்து, கீழத்தெருவுல போன மாசம் நடந்த அடியந்திரத்துக்கு மூணு பிரதமன் பாயசம்னு என் காதுல போட்டா. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். உனக்குக் கேக்கட்டும்னே, அவருக்குச் சக்கப்பிரதமன்னா உயிருன்னு சொல்லி அழுதேன். உனக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துது. சக்கப்பிரதமன், அடப்பிரதமன், பருப்புப் பாயசம், பால் பாயசம்னு நாலு வச்சே. சிட்டியை அவசரத்துக்குச் சீட்டு ஏலத்துல விளிச்சு எடுத்தே. ஐநூறு ரூபாய்ச் சிட்டியில நூத்தம்பது தள்ளிட்டு முந்நூத்தம்பதுதான் உன் கையில வந்துது, கட்டவேண்டியது மட்டும் மாசம் இருபத்தஞ்சு. ஊர் வந்து உக்காந்து தின்னுது. பருப்புல வெல்லம் காணாதுன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போனாரு. உங்கப்பாவுக்குப் பாயசமே பிடிக்காது மக்கா. கஞ்சியும் பயறுத் துவையலும்தான் அவருக்கு உயிரு. உனக்கே அது தெரியும், எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் தெரிஞ்சுதான் செய்தோம்.

செய்த தப்பு அதோட நிக்கல. ஆடி மாசம், கடை அரிசியில கல்லு கிடக்கு, பிள்ளைக உண்ண மாட்டேங்குன்னு நீ எழுதினதும் எனக்குப் பொறுக்கல. களை பறிக்கவும் அறுக்கவும் கூலிக்குன்னு உங்கப்பா மாத்தி வச்சிருந்த நெல்லைக் குத்தி, பழையபடி கண்டக்டர் கையில குடுத்து அனுப்பினேன். நீயும் வாங்கித் தின்னே. அப்பா செத்த பிறகு மூட்டை எப்பிடி வந்துதுன்னு கேக்கல. கூலிக்கு நெல்லு இல்லாம பெரியவீட்டுலயே கடன் நெல்லு வாங்கினேன். புரட்டாசியில அறுத்து, அந்தக் கடனைக் கழிச்சு, கூலியும் அளந்தப்போ, பாட்டத்துல ஒண்ணரைக் கோட்டை குறைஞ்சு போச்சு. பெரியவீட்டுக்காரரு நல்ல மனுஷன், சத்தம் போடல. மாசி அறுப்புல பாக்கியும் சேத்து அஞ்சரைக் கோட்டை அளந்துரணும், அளக்க முடியலைன்னா வேற ஆளுக்குப் பாட்டத்துக்கு விட்டுருவேன்னு மட்டும் சொன்னாரு. வேற ஒருத்தன் அந்த வயல்ல ஏரு பூட்டிட்டான்னா பிறகு நம்ம அதைத் திருப்புகது நடக்காது. அவன் கால் ஊணிருவான், நம்ம பேப்பரை வச்சுக்கிட்டு வரப்புல நிக்கணும். எனக்கு இந்த உலகத்துல கஞ்சிக்கு வழி அந்த வயலு ஒண்ணுதான். அதைத்தான் நீ புள்ளி குத்தி அனுப்பியிருக்கே.

இனி நான் சொல்லுக மாதிரி செய். யோசனை சொல்லுகேன்னு நினையாதே, செய்துதான் ஆகணும். சம்பளம் கையில வந்த அண்ணைக்கே, வீட்டுக்குப் போகதுக்கு முன்னால, சிட்டிக்கு இருபத்தஞ்சைக் கட்டு. இன்னும் பதிமூணு மாசம், முணங்காமக் கட்டு. பலசரக்குக் கடைக்காரன் முன்னால போயி நில்லு. ஒளிஞ்சு மறுவழியாப் போகாதே. மாசம் அஞ்சு ரூபாய் தாறேன், இனி கடன் வாங்க மாட்டேன்னு சொல்லு. அவன் ஒண்ணும் உன்னைக் கடிச்சுத் தின்ன மாட்டான், வருகது வரட்டும்னுதான் பாப்பான். மாசியில நம்ம பாக்கி தீருகது வரைக்கும் மாசம் பத்து ரூபாய் எனக்கு மணியார்டர் வரணும். அது என் கஞ்சிக்கு இல்ல, களைபறிக்கவும் அறுக்கவும். ஆச்சா, நாப்பது போச்சு. மிச்சம் முப்பது. ஒன்பது ரூபாய் வாடகைக்கு ஓட்டு வீடும் முன்வாசலும் உனக்கு எதுக்கு? நாலு ரூபாய்க்கு ஓலைப்புரை கிடைக்கும், போ. அரிசிக்கும் மரச்சீனிக் கிழங்குக்குமா பதினஞ்சு. காலையில மரச்சீனி அவிச்சுத் தின்னா ஒருத்தனும் செத்துப் போக மாட்டான், அந்தப் பக்கத்துல பாதி ஊரு அதைத் தின்னுட்டுத்தான் ரப்பர் வெட்டப் போகு. அரிசியில கல்லு கிடந்தாப் பொறுக்கு, உனக்கு ரெண்டு கண்ணு இருக்கு. எண்ணெய், உப்பு, மிளகு, மண்ணெண்ணெய்க்கு ஆறு. பிள்ளைகளுக்கு ரெண்டு. மூணு ரூபாய் பகவதி கையில இருக்கட்டும், அதை என்ன செய்தேன்னு நீ கேக்கப்படாது. தக்கலைக்குப் போயி சினிமா பாக்கது, காப்பிக்கடையில நாலு பேருக்குச் சேத்துச் சக்கரம் குடுக்கது, எல்லாம் இண்ணையோட நிக்கணும். உன்கூட இருக்கவங்க கேட்டா, அம்மைக்கு ஒற்றி திருப்புகேன்னு சொல்லு. அதுல நாணிக்க ஒண்ணும் இல்ல.

பகவதிகிட்ட இந்தக் கடுதாசியை முழுசா வாசிச்சுக் காட்டு. நீ காட்ட மாட்டேன்னு எனக்குத் தெரியும், அதனால அவளுக்கும் தனியா ஒரு கார்டு போட்டிருக்கேன். அவ உன்னைவிட நல்லாக் கணக்கு தெரிஞ்சவ. அவ கழுத்துச் செயின் எங்க போச்சுன்னு பாத்தியா? ஆவணியில நீ காப்பிக்கடையில உக்காந்து ராஜ்யம் பேசிக்கிட்டு இருந்தப்போ, அவ அதை அடகு வச்சு கடைக்காரனுக்கு முப்பது ரூபாய் குடுத்தா. உனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவேன்னு உன்கிட்டச் சொல்லல. எனக்குத்தான் ஒரு கார்டுல எழுதினா. நான் உங்கப்பாவோட சேந்து செய்த அதே காரியத்தை அவ உன்கிட்டச் செய்யத் தொடங்கியிருக்கா. நான் உனக்கு மறைச்சேன், அவ உனக்கு மறைக்கா, நாளைக்கு நீ உன் பிள்ளைகளுக்கு மறைப்பே. இந்த எளவு இங்கயே அறணும். அவளைத் திட்டாதே, நான் சொல்லிட்டேன்.

இனி என்னைப் பத்திச் சொல்லுகேன். யாராவது உன்கிட்ட வந்து சொல்லுகதுக்கு முன்னால நானே சொல்லிருகேன். போன வாரம் கும்பப்பூ நடவு முடிஞ்சுது. நடவுக்கு எட்டுப் பொம்பிளைக வேணும். ஆறு பேருக்குத்தான் கூலி குடுக்க என்கிட்ட நெல்லு இருந்துது. ஏழாவது ஆளா நான் சேத்துத் தொளியில இறங்கினேன். நம்ம வீட்டுப் பொம்பிளைக வயலடிக்குக் கஞ்சி கொண்டு போனது உண்டு, தொளியில கால் வச்சதில்ல. முதல் நாளு பக்கத்து வயல்காரன் வரப்புல நின்னு பாத்துட்டு, மகன் உத்யோகத்துல இருக்கானேன்னு கேட்டான். நான் நாத்துமுடியை எடுத்துக்கிட்டு திரும்பிக்கிட்டேன். கூட நட்ட பொம்பிளைக ஒருத்தியும் சிரிக்கல. எனக்கு வரிசை கோணிப் போச்சு, அவங்களே பின்னால வந்து சரி பண்ணினாங்க. ரெண்டாம் நாளு முதுகு நிமிரல. ஆனா எனக்குச் சாகப் பிடிக்கல மக்கா. கோவம் இருந்தா முதுகு வலிக்கலன்னு கண்டுக்கிட்டேன்.

புரட்டாசி அறுப்புல நடந்ததை உனக்கு எழுதாம இருக்கணும்னு இருந்தேன். இப்போ எழுதுகேன். களத்துல நெல்லுப் பொலி கூட்டி வச்சிருந்துது. பெரியவீட்டுக் காரியஸ்தன் நோட்டைப் பிடிச்சுக்கிட்டு பாட்டக்காரங்க பேரை ஒவ்வொண்ணா விளிச்சான். விளிச்ச ஆளு முன்னால வந்து, அளவுக்குப் பக்கத்துல நிக்கணும். அவன் பழக்கத்துல உங்கப்பா பேரை விளிச்சான். விளிச்சுட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டான். முப்பது ஆம்பிளைக நின்னாங்க அங்க. எல்லாரும் நெல்லையே பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு முன்னால போனேன். நான்தான் பாட்டக்காரி, அளங்கன்னு சொன்னேன். அளந்தாங்க. குறைஞ்சுது. குறைஞ்சதையும் எல்லாருக்கும் கேக்கச் சத்தமா விளிச்சுத்தான் நோட்டுல எழுதினாங்க.

மாசியில மறுபடி விளிப்பாங்க. இந்தத் தடவை நோட்டுல என் பேரு இருக்கு. எத்தனை நாளு லீவு இல்லைன்னு உன் ஆபீஸ்ல சொன்னாலும் அண்ணைக்கு நீ அங்க வந்து நிக்கணும். சட்டையைக் கழட்டிட்டு, தலையில துண்டைச் சுத்திட்டு, அஞ்சரைக் கோட்டையையும் நீ சுமந்து பெரியவீட்டு நெல்லு அறைப்புரையில தட்டணும். தட்டிட்டு வா, சோறு போடுகேன், அதுக்கு முன்னால என் வாசல் ஏறாதே. நீ வரலைன்னாலும் நான் போயி நிப்பேன், குறைஞ்சா குறைஞ்சதைக் கேட்டுக்கிட்டும் நிப்பேன். ஆனா மக்கா, அதுக்கு அடுத்த அறுப்புல அந்தக் களத்துல விளிக்க நம்ம வீட்டுலேருந்து ஒரு பேரும் இருக்காது.

அம்மை